ஹவுஸ் ஓனரிடம் சொல்லாதது

ஜூன் 4, ஞாயிறு

பிரவீணா பெங்களூருக்குக் கிளம்பும்போது இந்த நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். "அப்பா எதை மறக்கிறாரு, என்னைக்கு மறக்கிறாருன்னு தேதி போட்டு எழுதி வைம்மா. அடுத்த மாசம் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். பெற்ற அப்பாவுக்கு ரெக்கார்டு போடச் சொல்கிறாள் மகள். நோட்டு நல்ல நோட்டு, கோடு போட்டது. ஜாக்கெட் அளவு எழுதவாவது ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று இவர் எதையும் மறக்கவில்லை. பால் மட்டும் இரண்டு தடவை வாங்கி வந்துவிட்டார். திருச்சி வெயிலில் யாருக்குத்தான் புத்தி நிலையாக நிற்கிறது? மிஞ்சிய பாலில் சேமியா பாயசம் வைத்தேன். ஒன்றும் வீணாகவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

மாவு அரைத்தேன். மூன்று ஜாக்கெட், ஒரு புடவைக்கு ஃபால்ஸ். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 11, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ஜெசிந்தா டீச்சர் வந்தார். எங்கள் ஹவுஸ் ஓனர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வாடகையை இவர்தான் மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுப்பார் என்பதால் டீச்சர் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம்.

காபியை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமலே சொன்னார். "தமயந்தி, ஆகஸ்ட்டோட அக்ரிமெண்ட் முடியுது. இந்தத் தடவை புதுப்பிக்க முடியாதும்மா. கனடாவுல இருக்கிற பையன் வித்துடுங்கறான். பக்கத்து மனை வாங்கின பில்டர் இதையும் சேத்துக் கேக்கறாராம்."

பதினாலு வருடம். பாலக்கரையில் இந்தத் தெருவில் இந்த இரண்டு அறையில் பதினாலு வருடம். "பரவால்ல டீச்சர், பாத்துக்கறோம்" என்றேன். வாடகைக்கு இருப்பவர்களின் வாயில் இந்த வாக்கியம் தானாக வரும்.

அப்போது இவர் உள்ளிருந்து வந்து, "வாங்க டீச்சர், எப்ப வந்தீங்க?" என்று கும்பிட்டார். பத்து நிமிடம் முன்னால்தான் அதே கும்பிடு போட்டு, அதே கேள்வியைக் கேட்டிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். "காது கொஞ்சம் மந்தம் டீச்சர், அதான் பேசிக்கிட்டிருந்தது கேக்கல" என்று சமாளித்தேன்.

ஹவுஸ் ஓனரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் எனக்கு முப்பத்தோரு வருட அனுபவம். விருந்தாளி பத்து நாள் தங்கினால் நாளைக் காலையில் கிளம்புகிறார்கள் என்று சொல்ல வேண்டும். தையல் மிஷினைச் சும்மா வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். உறையூர் வீட்டில் பிரவீணாவுக்கு அம்மை போட்டபோது, வாசலில் வேப்பிலை செருகினால் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பயந்து, பீரோவுக்குப் பின்னால் செருகினேன். ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் வாடகை வீட்டுக் கஷ்டம் தெரிந்திருக்கும்.

ஜூன் 14, புதன்

பிரவீணாவிடம் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடலாம் என்றேன். இவர் ரிட்டயர் ஆனபோது வந்த பணம் பேங்கில் தூங்குகிறது. அவள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தாள்.

"கணக்குப்படி வாடகைதான்மா லாபம். பணம் பேங்க்லயே இருந்தா வட்டியிலயே வாடகை கட்டலாம். புடிக்கலன்னா வேற வீட்டுக்கு மாறிக்கலாம். சொந்த வீடுன்னா ஒழுகினாலும் நீங்கதான் பாக்கணும்."

"ஒழுகினா நான் பாத்துக்கறேன்டி. நமக்குப் புடிக்காம மாறுறது வேற, அவங்களுக்குப் புடிக்காம நாம மாறுறது வேற. ஒன்பது வீடு மாறியிருக்கோமே, அதுல நமக்குப் புடிக்காம மாறினது எத்தனை? நீயே சொல்லு."

நாலு பள்ளிக்கூடம் மாறியவள் அவள்தான். ஒவ்வொரு வீடு மாறும்போதும் எனக்கு ஜாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் போய்விடுவார்கள். புதுத் தெருவில் முதலிலிருந்து ஒரு பாவாடை, ஒரு தலையணை உறை என்று ஆரம்பிக்க வேண்டும். நான் தையலில் பெயர் எடுத்ததே இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். இதையெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டர் எங்கே போடும்?

இவரையும் சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. வீடு வாங்கலாம் என்றால், "நாளைக்கே மாத்தல் ஆர்டர் வந்தா பெட்டியத் தூக்கணும், நமக்கு எதுக்கு வீடு" என்பார். முப்பத்து நாலு வருடத்தில் மாற்றல் ஆர்டர் வரவே இல்லை. ஊரில் எல்லார் வீட்டு வாசலும் அவருக்குத் தெரியும். எங்களுக்கென்று ஒரு வாசல்தான் இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

விமான நிலையத்தைத் தாண்டி ஒரு அடுக்குமாடி பார்க்கப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, சமையலறையில் புகை வெளியேற மிஷின் உண்டு. இவர் நேராக மீட்டர் பெட்டிக்குப் போய், "இவ்ளோ உயரத்துல வெச்சா கணக்கெடுக்கிறவன் ஏணி கொண்டாரணுமா?" என்று விற்பனை ஆளிடம் சண்டை பிடித்தார். அந்த ஆள் மிரண்டுபோனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய மனிதர் அப்படியே இருக்கிறார்.

நான் அலமாரி அளந்துகொண்டிருந்தபோது இவரைக் காணவில்லை. இரண்டாவது மாடியில், இதே மாதிரி இருந்த ஒரு கதவின் முன்னால் நின்று பெல் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கதவத் தொறக்க இவ்ளோ நேரமா?" என்றார்.

எல்லாக் கதவும் ஒரே நிறம், ஒரே கைப்பிடி. யாருக்கும் குழம்பும்.

ஜூன் 28, புதன்

அடுக்குமாடிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஆவணியில் குடி போகலாம் என்றார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் இவர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தார். பேனா சரியில்லை.

ஜூலை 6, வியாழன்

நாலு மணிக்கு டீ குடிக்கப் போனவர் ஆறு மணி வரை வரவில்லை. தென்னூரிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். பிரவீணா குட்டியாக இருந்தபோது நாங்கள் குடியிருந்த வீட்டில் இப்போது அவள் இருக்கிறாள். வாசலில் வந்து நின்று மீட்டரைப் பார்த்தாராம், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். நல்ல பெண். தண்ணீர் கொடுத்து, சட்டைப் பையிலிருந்த போனை வாங்கி எனக்கு அடித்திருக்கிறாள்.

ஆட்டோவில் போய் அழைத்து வந்தேன். பழைய வீட்டைப் பார்க்க ஆசை வந்திருக்கும் என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். எழுதினால் பொய்.

அங்கே போய் அவர் தேடியது என்னைத்தான். "பாப்பா ஸ்கூல்லேருந்து வந்துட்டாளா?" என்று அந்தப் பெண்ணை நானென்று நினைத்துக் கேட்டிருக்கிறார்.

ஜூலை 10, திங்கள்

டாக்டர் நோட்டைக் கேட்டார். கொடுக்கவில்லை. பாதிக்கு மேல் ஜாக்கெட் அளவும் என் வசவும்தான் இருக்கிறது. முக்கியமானதை மட்டும் வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்க எனக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாக்கு எழுதி வைத்திருக்கிறேன். வெயில், காது, கதவு, பேனா.

டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப் போடலாம், நிறுத்த முடியாது என்றார். பிறகு கேட்டார்: "வீட்டுக்குள்ள எப்படி இருக்காரு?"

"வீட்டுக்குள்ள ஒரு கொறையும் இல்ல சார். பாத்ரூம், சுவிட்ச்சு, சாமி ரூம், டம்ளர் எங்க இருக்குன்னு எல்லாம் கை தானா போகுது."

"அதான் வேணும். பழகின இடம் பெரிய மருந்தும்மா. நீங்க என்ன வேணா மாத்துங்க, இருக்கிற வீட்ட மட்டும் மாத்தாதீங்க."

வெளியே வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இவரிடம் சொல்ல முடியாது, பிரவீணாவிடம் சொன்னால் ரயில் ஏறிவிடுவாள். நோட்டிடம் சொல்கிறேன். அந்த மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு நாளும் இவர் தன் வீட்டைத் தேடிக்கொண்டு கிளம்புவார். எனக்கு வேறு வீடு வேண்டாம். இந்த வீடுதான் வேண்டும்.

ஜூலை 17, திங்கள்

ஆடி முதல் தேதி. இந்த மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதையே சாக்காக வைத்து டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"ஆடியில எதுவும் செய்யக்கூடாது டீச்சர். கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்க."

"எங்களுக்கு ஏது தமயந்தி ஆடி?" என்று சிரித்தார். உண்மைதான். கிறிஸ்தவர்களிடம் போய் ஆடியைச் சொன்ன என் புத்தியை என்ன சொல்ல.

பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அந்த வீட்ட எங்களுக்கே குடுத்துடுங்க டீச்சர். பில்டர் அளவுக்கு எங்களால முடியாது. ஆனா கைக்காசு, உடனே தந்துடுவோம்."

"பையன் பேசி முடிச்சிட்டானேம்மா. அந்தப் பழைய வீட்டு மேல உனக்கு ஏன் இவ்ளோ ஆசை? தளம் ஒழுகுது, செவுரு உப்புப் பூத்துக் கெடக்கு. வேற ஏதாவது காரணம் இருக்கா?"

வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்ல டீச்சர், பழகின வீடு" என்றேன்.

"பழகின வீடுங்கறதுக்காக அவன் சொன்ன வார்த்தைய மாத்தச் சொல்ல முடியுமா?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

பாத்திரம் கட்ட அட்டைப்பெட்டி நாலு வாங்கினேன். இவர் அதைப் பார்த்துவிட்டு, "யாரு காலி பண்றாங்க?" என்று கேட்டார். பக்கத்து வீடு என்றேன். "பாவம்" என்றார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனோம். காவேரிக்குப் படைக்கக் காதோலை, கருகமணி, காப்பரிசி எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டேன். இந்த வருடம் காவேரியிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு காரியம் இருந்தது. படித்துறையில் நிற்க இடமில்லை. "இங்கயே நில்லுங்க, அசையக்கூடாது" என்று இவரைத் தூண் ஓரமாக நிறுத்திவிட்டு நாலு படி இறங்கித் தண்ணீரில் மஞ்சள் கரைத்தேன். திரும்பினால் தூண்தான் இருக்கிறது.

இரண்டு மணி நேரம் தேடினேன். இவர் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். போலீஸ் பந்தலில் மைக்கில் சொல்லச் சொன்னேன். பெயர் தட்சிணாமூர்த்தி, வயது அறுபத்து நாலு, நீலக் கட்டம் போட்ட சட்டை. "வயசானவரா, மனநிலை எப்படி?" என்று கேட்டார் மைக் பிடித்தவர். முதல் முறையாக வாய் திறந்து சொன்னேன். "மறதி நோய் சார்." அந்தக் கூட்டத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம்தான் எனக்கு அதைச் சொல்ல வந்தது. ஆற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது. புதுத் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது.

பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தால் ஏழு தடவை டீச்சர் கூப்பிட்டிருக்கிறார். திரும்ப அடித்தேன்.

"எங்கம்மா இருக்க? பில்டர் ஆள் அளவெடுக்க வந்தாரேன்னு நானும் கூட வந்தேன். சார் வாசப்படியில உக்காந்திருக்காரு. வீடு பூட்டியிருக்கு, நீ எங்கயோ போயிட்டன்னு கோவமா இருக்காரு."

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, பாலக்கரையில் சரியாக இறங்கி, இரண்டு சந்து திரும்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். தென்னூருக்குப் போகவில்லை. உறையூருக்குப் போகவில்லை. இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆட்டோவில் நான் அழுத அழுகையைப் பார்த்து ஓட்டுநர் காசு வாங்கமாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

டீச்சர் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து, தன் குடையை இவர் தலைக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அளவெடுக்க வந்த ஆள் போய்விட்டிருந்தார்.

"எங்க போன நீ? நான் வீட்டுக்கு வந்துட்டேன், உன்னக் காணோம்" என்றார் இவர்.

"தப்புதாங்க" என்றேன்.

உள்ளே வந்து ஃபேனைப் போட்டு, மோர் கொடுத்து, அவரைப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். டீச்சர் அடுப்படி வாசலில் நின்றார். "என்ன சாருக்கு? அரை மணி நேரத்துல நாலு தடவ என்னைய யாருன்னு கேட்டாரு. எத்தன நாளா இப்படி?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு வாய் விட்டுக் கேட்டேனே, வேற காரணம் இருக்கான்னு. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஹவுஸ் ஓனர்கிட்ட எப்படி டீச்சர் சொல்றது? ஒடம்பு முடியாத மனுஷன்னு தெரிஞ்சா உடனே கெளம்பச் சொல்வாங்கன்னுதான் பழக்கம். ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. வேற எங்கயும் வீடும் கெடைக்காது."

"நான் அப்படிச் சொல்வேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க டீச்சர். ஆனா எனக்குச் சொல்லிப் பழக்கமில்ல."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினாலு வருடத்தில் முதல் தடவை. விரலில் தையல் ஊசி குத்திய தழும்புகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "நாளைக்கு வந்து பேசறேன்" என்று சொல்லிப் போனார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

டீச்சர் வரவில்லை. நான் வாசலைப் பார்த்துப் பார்த்தே ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றிப் பொருத்திவிட்டேன். பிரித்துத் தைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, சனி

எட்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். கனடாவோடு சண்டையாம். மகன், பில்டர் கூடுதலாகத் தருகிறார், பாவம் பார்த்து விற்கிற காரியமா இது என்று கேட்டிருக்கிறான்.

"நான் சொன்னேன், வீடு என் பேர்ல இருக்குடா, யாருக்குக் குடுக்கணும்னு நான்தான் சொல்லணும்னு. அவங்கப்பா அன்னிக்கே என் பேர்ல எழுதி வெச்சாரு. எதுக்குங்கன்னு சிரிச்சேன். இப்பதான் தெரியுது எதுக்குன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் தமயந்தி. சார்கிட்ட நீயே சொல்லு."

அடுப்படிக்குப் போய்க் காபி போடுவது போல நின்று அழுதேன். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் முழுக் காபியையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகுதான் என் டம்ளரைக் குடித்துப் பார்த்தேன்.

அடுக்குமாடிக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்ப வரும். போகட்டும்.

பிரவீணா முதலில் கத்தினாள். "அந்த ஒழுகற வீட்டயாம்மா?" டாக்டர் சொன்னதை, அம்மா மண்டபத்தில் நடந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அப்பா தானா வந்துட்டாராம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி பிறந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் யார் பெயரில் என்று கேட்டார். இரண்டு பேர் பெயரிலும் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். மத்தியானம் இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கண் தெளிவாக இருந்தது. இப்போதெல்லாம் அப்படி ஒரு அரை மணி நேரம் வந்துவிட்டுப் போகிறது.

"தமயந்தி, வீட்ட உன் பேர்ல மட்டும் வாங்கு."

"ஏங்க, நீங்க சம்பாதிச்ச காசு."

"என் கையெழுத்து நாளைக்கு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல. அப்புறம் ஒவ்வொரு ஆபீஸா நீ அலையணும்." கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா நீ கேட்டுக்கிட்டே இருந்த. நான்தான் பாக்கலாம், பாக்கலாம்னு தள்ளிட்டேன். மன்னிச்சிடு."

இத்தனை நாளாக நான் அவரிடம் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என்னைவிட முன்னாலேயே தெரியும்.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜாக்கெட் வாங்க வந்த பெண் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று ஓடிவிட்டாள். தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 23, புதன்

பதிவு ஆயிற்று. போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்றார்கள். என்னால் முடியவில்லை. இரண்டு தடவை எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பால் காய்ச்சினோம். பதினாலு வருடம் பால் காய்ச்சிக் குடித்த வீட்டில் புதிதாகப் பால் காய்ச்சுவது எப்படி என்று ஐயரிடம் கேட்டதற்கு, "வெளியில போயிட்டு வாங்கோ, முடிஞ்சது" என்றார். விடிந்ததும் விளக்கு, உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினோம். பால்காரர் எங்கள் கையிலிருந்த சாமி படத்தைப் பார்த்து, "காலி பண்றீங்களாம்மா?" என்றார். "இல்லண்ணே, குடி வர்றோம்" என்றேன். அவர் விழித்தது கண்ணிலேயே நிற்கிறது.

பிரவீணாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். டீச்சர் ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தார். எங்கே ஆணி அடிக்கலாம் என்று பிரவீணா டீச்சரைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். பழக்கம். "என்னைய ஏன்டி கேக்கற, உங்கம்மாவக் கேளு" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சர் உள்பட. சிரித்து முடித்ததும் டீச்சர் சுவரைக் கையால் ஒரு தடவை தடவிக்கொண்டார். அதையும் பார்த்தேன். அவருக்கும் இது அவர் வீடுதானே.

செப்டம்பர் 5, செவ்வாய்

காலையில் இவர் குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "அஞ்சாம் தேதி ஆச்சே, வாடகை குடுத்துட்டு வரேன்" என்று கிளம்பினார்.

"வாடகை எதுக்குங்க? வீட்ட நாம வாங்கிட்டோம்."

நின்றுவிட்டார். "எந்த வீட்ட?"

"இந்த வீட்ட."

"இத? நாமளா? எப்ப?" முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. ஒவ்வோர் அறையாகப் போய் நின்று பார்த்தார். பின்பக்கத்துக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லைத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் கல்லும் நம்மளுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "என்கிட்ட நீ சொல்லவே இல்லையே" என்றார்.

செப்டம்பர் 6, புதன்

இன்றும் கேட்டார். இன்றும் சொன்னேன். அதே சிரிப்பு.

செப்டம்பர் 9, சனி

மழை. அடுப்படியில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்தேன். யாரிடமும் போய்க் கைகட்டி நின்று சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

செப்டம்பர் 21, வியாழன்

இன்று நான்கு தடவை. எனக்கு அலுக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒரு செய்தியை இவரிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் நான். ஒரே தடவை சொல்லி முடிந்திருந்தால்தான் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

நவம்பர் 2, வியாழன்

தீபாவளித் தையல் தலைக்கு மேல் இருக்கிறது. மூன்று நாளாக இவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என் பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை. வேலை மும்முரத்தில் நான்தான் கவனிக்கவில்லையோ என்னவோ.

இல்லை, கவனித்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

டாக்டர், இந்த மாதம் நோட்டு முழுவதையும் கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார். கொண்டுபோகப் போகிறேன். வசவையும் சேர்த்துப் படிக்கட்டும்.

இன்று காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இவர் தட்டை எடுத்து, அவராகவே பலகையைப் போட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர்ச் செம்பு இருக்கும் இடம் பார்க்காமலே கை போயிற்று. ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். மரியாதையாக, புதிதாகப் பழகுகிறவரிடம் பேசுவது போலப் பேசினார்.

"நல்ல வீடுங்க இது. எனக்குப் புடிச்சிருக்கு. நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா?"

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் இவர் என்னை 'நீங்க' என்றதே இல்லை. அழுதால் பயந்துவிடுவார் என்று அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

"ஆமாங்க, ரொம்ப நாளா" என்றேன்.

"ஓனர் எப்படி?"

"பொம்பளைதான். கொஞ்சம் கோவக்காரி. மனசு நல்ல மனசு."

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். இதைக் கேட்கும்போது முகத்தில் ஒரு பயம் வந்தது. நான் நன்றாக அறிந்த பயம் அது. ஒன்பது வீட்டில் நான் வைத்திருந்தது. "திடீர்னு காலி பண்ணச் சொல்வாங்களா?"

"மாட்டாங்க. நீங்க எவ்ளோ நாள் வேணாலும் இருக்கலாம். எப்பவுமே இருக்கலாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க. எழுதியே குடுத்திருக்காங்க."

முகத்திலிருந்த பயம் போய்விட்டது. காலைச் சற்று நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தோசை கேட்டார்.